சப்கல்ச்சர்: துணைப்பண்பாடா, உட்பண்பாடா?

"பங்க் என்பது 1970களில் பிரிட்டனில் உருவான ஒரு துணைப்பண்பாடு." (அடாவடியான ராக் இசையும் உடையும் கொண்ட இளைஞர் கூட்டம்தான் பங்க்.) இந்த மாதிரி வாக்கியம் இப்போது எங்கே பார்த்தாலும் வருகிறது. மொழிபெயர்ப்புக் கட்டுரை, கருத்தரங்க உரை, இசை பற்றிய அறிமுகம் எல்லாவற்றிலும் சப்கல்ச்சர், அதாவது பெரிய சமூகத்துக்குள் தனி அடையாளத்தோடு வாழும் ஒரு குழுவின் பண்பாடு, என்றால் துணைப்பண்பாடு என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சொல் தவறு. சப்கல்ச்சர் எதைக் குறிக்கிறதோ அதற்கு நேர் எதிரான பொருளை இது தருகிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் உழுவது, பேணி வளர்ப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது கல்ச்சர். 'சப்' என்ற முன்னொட்டுக்குக் கீழே, அடியில் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கூட்டுச்சொல் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில்தான் புழங்கியது. ஒரு தட்டில் வளர்த்த கிருமியை எடுத்துப் புதிய ஊட்டத்தில் மறுபடி வளர்ப்பதற்கு அந்தப் பெயர். சமூகவியலுக்குள் வந்து நிலைத்தது அப்புறம்தான். அமெரிக்கச் சமூகவியலாளர் மில்டன் கார்டன் 1947இல் இதைப் பற்றி எழுதினார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1970களில் இளைஞர்களைப் பற்றிய ஆய்வின் நடுவில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். கல்ச்சருக்கு நேராகப் பண்பாடு என்ற சொல்லை முதலில் வழங்கியவர் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) என்று தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை எழுதியிருக்கிறார். அருமையான சொல். அதில் யாருக்கும் சண்டை இல்லை. கலாச்சாரம் என்பதைவிட எனக்குப் பண்பாடுதான் பிடிக்கும், அதில் ஆசாரத்தின் வாடை கிடையாது. சிக்கல் முன்னால் ஒட்டும் சொல்லில்தான்.

துணை என்றால் தமிழில் என்ன? வழித்துணை, பேச்சுத்துணை, வாழ்க்கைத்துணை. கல்யாணப் பத்திரிகையின் தலையில் 'முருகன் துணை' என்று போடுகிறோம். கூட நிற்பது, கைகொடுப்பது, தாங்குவது. இது ஒரு பொருள். இன்னொன்று பதவியில் வருவது: துணைவேந்தர், துணை முதல்வர், துணை ஆட்சியர். மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு அடுத்த படியில் இருந்து அவர் வேலையில் பங்கெடுப்பவர் இவர். இந்த இரண்டில் எந்தப் பொருளில் பங்க் ஒரு துணைப்பண்பாடு? அந்தப் பிள்ளைகள் யாருக்குக் கைகொடுத்தார்கள்? கன்னத்தில் ஊக்கைக் குத்திக்கொண்டு, கிழிந்த சட்டையோடு லண்டன் தெருவில் நின்றவர்கள் ஆங்கிலேய நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டுக்குத் துணை நிற்கவில்லை. அதன் மூஞ்சிக்கு நேராக நின்றார்கள். 1977இல் எலிசபெத் அரசி பட்டமேறிய வெள்ளிவிழாவை நாடு கொண்டாடியபோது அதற்கு எதிராகக் குரல் எழுப்பியதும் அவர்கள்தான். பர்மிங்காம் மையத்தில் பயின்ற டிக் ஹெப்டிஜ் சப்கல்ச்சர் பற்றி 1979இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த ஊக்கைப் பற்றி எழுதுவதே இதைக் காட்டத்தான்: சாதாரண வீட்டுச் சாமானை இடம்மாற்றி, வேறு அர்த்தம் கொடுத்து, ஒழுங்கைக் கலைத்துக் காட்டுகிறார்கள் என்கிறார். இதைத் துணை என்று எழுதிவிட்டால் புத்தகத்தின் வாதமே படுத்துவிடும்.

"துணைக்கண்டம் என்று சொல்கிறோமே, அது மட்டும் சரியா?" என்று கேட்பார்கள். அந்தச் சொல் பழகிவிட்டது, இருக்கட்டும். ஆனால் 'சப்' வந்த இடமெல்லாம் துணை போட்டுத் தமிழ் வளரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காவல் நிலையத்தில் எஸ்.ஐ. உதவி ஆய்வாளர். விவசாயத்தில் அடிமண். உளவியலில் ஆழ்மனம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் உட்கணம். ஒவ்வொரு துறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, இங்கே 'சப்' என்ன வேலை செய்கிறது என்று யோசித்திருக்கிறார். இப்போது அந்த யோசனை இல்லை. இன்டர் என்றால் இடை, கவுண்டர் என்றால் எதிர், சப் என்றால் துணை என்று ஒரு பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டிவிடுகிறார்கள். வாக்கியம் என்ன சொல்ல வருகிறது என்று பார்ப்பதே இல்லை.

இதற்குப் போட்டியாகக் கிளைப்பண்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள். துணையைவிட எவ்வளவோ மேல். இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது: இளைஞர்களின் பாணி தானாக முளைப்பதில்லை, தொழிலாளி வர்க்கத்தின் பண்பாட்டிலிருந்து கிளைக்கிறது என்று பர்மிங்காம்காரர்களே சொன்னார்கள். ஆனால் கிளை என்றால் ஒரே அடிமரம் வேண்டும். இந்தப் பிள்ளைகளைப் பாருங்கள். 1950களின் டெடி பையன்கள் போட்ட நீளக் கோட்டு, மேட்டுக்குடி ஆண்களுக்காகத் தையல்காரர்கள் மீட்டெடுத்த எட்வர்டு மன்னர் காலத்துப் பாணி. உழைக்கும் வர்க்கப் பையன்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1960களின் மாட்கள் என்ற இளைஞர் கூட்டத்துக்கு இத்தாலிய வெட்டில் கோட்டு, வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை. பகலில் அலுவலகத்தில் எடுபிடி வேலை, இரவில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளப்பில் நின்றால் தான் வேறு ஆள். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரையிலும், அப்புறம் மார்கேட், பிரைட்டனிலும் மோட்டார் சைக்கிளும் தோல் சட்டையுமாகத் திரிந்த ராக்கர்களோடு அடிதடி நடந்தபோது பத்திரிகைகள் இவர்களை நாட்டைக் கெடுக்க வந்தவர்களாக எழுதின. தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட ஆரம்பகால ஸ்கின்ஹெட்கள் ஆடிய ஸ்கா, ரெகே இசைகள் ஜமைக்காவிலிருந்து குடியேறிய அண்டைவீட்டாருடையவை. அதே கூட்டத்திலிருந்து பிற்பாடு இனவெறிக் கும்பல்கள் கிளம்பியது வேதனை. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கடல் தாண்டியும் எடுத்துச் சேர்த்து, "நான் இன்னார்" என்று சொல்ல ஒரு அடையாளத்தைக் கட்டிக்கொண்டார்கள். இதைக் கிளை என்றால் பாதிதான் சரி.

என் கட்சி உட்பண்பாடு. உள் என்பது இடத்தைச் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. பெரிய ஒன்றுக்குள் தனி எல்லையோடு இருப்பதற்குத் தமிழன் இயல்பாகப் போடும் சொல் இதுதான். நிலத்தை அளந்து பிரித்தால் உட்பிரிவு. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 2009இல் 3 சதவீதம் கொடுத்தபோது அது உள்ஒதுக்கீடு, துணை ஒதுக்கீடு என்று யாரும் சொல்லவில்லை. கட்சிக்குள் சண்டை வந்தால் உட்கட்சிப் பூசல். பாருங்கள், உள்ளே இருந்துகொண்டே முரண்படவும் இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. சப்கல்ச்சருக்கு வேண்டியது இதேதான்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை. வடசென்னையின் கானாவைத் துணைப்பண்பாடு என்று நம் ஆட்களே எழுதுகிறார்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த கலை அது. அதைப் பாடும் பையனுக்கு அதுதான் முழுப் பண்பாடு. துணை என்று போட்டதும் வேறெங்கோ முதன்மையான ஒன்று உட்கார்ந்திருக்கிறது, இது அதற்கு அடுத்த படி என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. எழுதுபவர் கானாவை மதிப்பவராகவே இருக்கலாம், ஆனால் அவர் எடுத்த சொல் மதிக்கவில்லை. கீழ்ப்பண்பாடு என்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எதிர்ப்பண்பாடு என்பதையும் இதோடு குழப்பக்கூடாது. அது 1960களின் அமெரிக்க ஹிப்பிகளைப் போல, இருக்கிற வாழ்க்கைமுறையை வெளிப்படையாக மறுத்து மாற்று வழி தேடியவர்களுக்கான சொல். கவுண்டர்கல்ச்சருக்கு அது சரியாகப் பொருந்துகிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாட், ராக்கர், பங்க் போன்ற பெயர்களைத் தமிழாக்கவே வேண்டாம், அவை அந்தப் பிள்ளைகளின் பெயர்கள். பேரன்ட் கல்ச்சர் என்று பர்மிங்காம்காரர்கள் எழுதுவதைப் "பெற்றோர் பண்பாடு" என்று போடுவதையும் நிறுத்த வேண்டும். அப்பா அம்மாவின் பழக்கவழக்கம் அல்ல அது, அந்த இளைஞர்கள் பிறந்த வர்க்கத்தின் பண்பாடு. தாய்ச்சங்கம், தாய்நிறுவனம் என்று சொல்லும் வழக்கில் தாய்ப்பண்பாடு என்று எழுதினால் உட்பண்பாட்டோடு சேர்த்துப் படிக்கவும் தெளிவாக இருக்கும்.