வீனிங்: பழக்குவதா, மறக்கடிப்பதா?

"நாளைக்குக் காலையில வீனிங் ஆரம்பிக்கலாம்." ஐ.சி.யூ.வில் ரவுண்ட்ஸ் முடிகிற நேரத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வென்டிலேட்டரில், அதாவது செயற்கைச் சுவாசக் கருவியில், இருப்பவரைப் படிப்படியாகத் தன் சொந்த மூச்சுக்குக் கொண்டுவரும் வேலை முழுவதற்கும் வீனிங் என்று பெயர். மூச்சுக்குழாயில் போட்ட டியூபை எடுப்பது அதன் கடைசிச் சில நிமிடங்கள்தான். அதற்கு எக்ஸ்டுபேஷன் என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. வீனிங்குக்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

இந்தச் சொல் மருத்துவமனைக்குள் பிறந்ததல்ல, தொட்டிலிலிருந்து வந்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையை மற்ற உணவுக்கு மாற்றுவதே வீனிங். பழைய ஆங்கிலத்தில் 'வெனியன்' என்றால் பழக்குதல். அதாவது பாலை நிறுத்துவதைவிடச் சோற்றுக்குப் பழக்குவதில் அந்தச் சொல்லுக்கு நாட்டம். தமிழ் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறது: பால் மறக்கடித்தல். மார்பில் வேப்பெண்ணெய் தடவும் வீடுகளில் புழங்கும் சொல் இது. சங்க அகப்பாடல்களில் வளர்ப்புத்தாயான செவிலியின் பெயரை இன்று நர்சுக்கு வைத்திருக்கிறோம். பால்குடிச் சொல் ஒன்று அவர் கைக்கு வந்து சேர்ந்ததும் பொருத்தம்தான்.

பழக்குவது எது, மறக்கடிப்பது எது என்பதை வார்டில் பார்த்தால் விளங்கும். கருவியே முழு மூச்சையும் விடும்போது மூச்சுக்கான முக்கியத் தசையான உதரவிதானம் வேலையில்லாமல் இரண்டு மூன்று நாளிலேயே மெலியத் தொடங்குகிறது. அதனால் நோய் தணிந்ததும் நாள் கடத்தக்கூடாது. கருவி தரும் ஆக்சிஜன் 40 சதவீதம், பீப் (மூச்சை வெளியே விட்ட பின்னும் நுரையீரலில் கருவி நிறுத்திவைக்கும் அழுத்தம்) 5 முதல் 8 செ.மீ. நீரழுத்தம், இவற்றுக்குள் ரத்த ஆக்சிஜன் நிற்கிறதா? ரத்த அழுத்த மருந்து குறைந்த அளவில்தான் ஓடுகிறதா? காலையில் மயக்க மருந்தை நிறுத்தினால் கண் திறக்கிறாரா, கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறாரா, சளியை உறிஞ்ச சக்ஷன் போடும்போது பலமாக இருமுகிறாரா? இதையெல்லாம் தினமும் பார்த்து டாக்டரிடம் சொல்வது செவிலியர்.

தன்மூச்சைத் தாங்குவாரா என்று பார்க்க 1991இல் வந்த ஒரு கணக்கு இன்னும் கைகொடுக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை, ஒரு மூச்சின் லிட்டர் அளவால் வகுக்க வேண்டும். 24 மூச்சு, ஒவ்வொன்றும் 400 மில்லி என்றால் 24ஐ 0.4ஆல் வகுக்க 60, நல்லது. 36 மூச்சு, 250 மில்லி என்றால் 144. 105ஐத் தாண்டினால் மேலோட்டமான, வேகமான மூச்சு, தாக்குப்பிடிப்பது கடினம். கருவி தாங்கிப்பிடிக்கும்போது அளந்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதை மறக்கக்கூடாது.

பிறகு தன்மூச்சுச் சோதனை: டி-பீஸிலோ (கருவியின் உதவியில்லாமல் ஆக்சிஜன் மட்டும் தரும் T வடிவக் குழாய்), ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி கொடுக்கும் 5 முதல் 8 செ.மீ. நீரழுத்தம் வரையான குறைந்த அழுத்த ஆதரவிலோ 30 நிமிடம் முதல் 2 மணி நேரம். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முன்கூட்டியே சளியை உறிஞ்சிவிட்டுத் தொடங்க வேண்டும். முதல் சில நிமிடங்கள் படுக்கையை விட்டு நகரக்கூடாது. மானிட்டர் அலறுவதற்கு முன்பே நெற்றி வேர்க்கும், மூக்குத்துவாரம் விரியும், நெஞ்சு ஏறும்போது வயிறு உள்வாங்கும். மூச்சு 35ஐத் தாண்டி நின்றாலோ, ரத்த ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழ் போனாலோ, நாடி 140ஐத் தொட்டாலோ நிறுத்திவிட்டுப் பழையபடி கருவியில் போட வேண்டும். களைத்த தசைக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். அன்றே மறுபடி முயல்வது வீண். பலவீனமான இதயம் உள்ளவருக்கு இன்னொரு வம்பு: கருவியின் அழுத்தம் விலகியதும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத்தசை சோர்ந்துவிட்டது என்று எண்ணி இதைக் கோட்டைவிடுவது உண்டு.

ஆக, தசைக்கு நடப்பது பழக்கம். மறக்க வேண்டியது மனம்: பல நாள் கருவியை நம்பிக் கிடந்தவருக்கு அது விலகும்போது வரும் பயம் லேசானதல்ல.

தமிழில் எதை எழுதுவது? 'சுவாசக் கருவி அகற்றல்' வேண்டவே வேண்டாம். அது டியூப் எடுப்பதையும் குறிக்கும்; அதைவிட மோசமாக, "வென்டிலேட்டரை எடுக்கப் போறோம்" என்று கேட்ட உறவினர், இனிப் பிழைக்கமாட்டார் என்று கைவிட்டுவிட்டதாக எண்ணி அழுதுவிடுவார். 'விடுவிப்பு' ஏட்டுக்குச் சரி. 'மறக்கடித்தல்' பேச்சில் சட்டென்று புரியும். எங்கள் வாக்கு 'தன்மூச்சுக்குப் பழக்குதல்' என்பதற்கே. கொஞ்சம் நீளம்தான், ஆனால் மூலச்சொல்லின் வேரும் வார்டில் நடக்கும் வேலையும் அதில் ஒன்றாக இருக்கின்றன. "அம்மாவைத் தானா மூச்சுவிடப் பழக்குறோம்" என்று சொன்னால் வாசலில் நிற்கும் மகனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சோதனை சரிவராத நாளில் சார்ட்டில் 'வீனிங் ஃபெயிலியர்' என்று ஏறும். விழித்துப் படுத்திருப்பவர் காதுபட அதைச் சொல்லாமல், "இன்னைக்கு இவ்வளவு நேரம் நீங்களே மூச்சு விட்டீங்க, நாளைக்குப் பார்ப்போம்" என்று நிமிடக்கணக்கைச் சொல்வது மேல்.