கையில் காகிதம் இல்லாதவருக்கும் காட்டில் உரிமை உண்டு

வன உரிமை மனு எழுத மலையிலிருந்து வருகிறவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது, "எங்ககிட்ட காயிதம் ஒண்ணும் இல்லைங்க" என்பதுதான். வழக்கறிஞராக நான் அவர்களுக்குச் சொல்வது: காகிதம் இல்லாதவர்களை மனத்தில் வைத்தே 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது.

பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தை அனுபவித்து வந்திருந்தால் போதும். உச்சவரம்பு 4 ஹெக்டேர். குடிசை, சமன் செய்த நிலம், கட்டிய வரப்பு, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம் எல்லாமே ஆதாரம். ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஆதாரம் வேண்டும். சமூக உரிமை கேட்கும்போது இடுகாடு, சாமி மரம், கிழங்கு தோண்டும் இடம், மாடு மேய்க்கும் இடம் ஆகியவற்றையும் காட்டலாம்.

வாக்குமூலத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "தாத்தா காலத்துல இருந்து இருக்கோம்" என்ற ஒற்றை வரி எடுபடாது. ஒரு பாட்டி இப்படிச் சொன்னார்: "அந்தப் பலாவை இவங்க அப்பன் நட்டாரு. இப்ப ரெண்டு பேரு சேர்ந்து கட்டிப்புடிச்சாலும் கை எட்டாது." அதை அப்படியே எழுதி, மரத்தைப் படமெடுத்துச் சேர்த்தோம். யார் நட்டது, யார் கிணறு வெட்டியது, எந்தப் பாறை எல்லை என்று கேட்டு எழுதுங்கள்.

"தள்ளுபடி ஆயிடுச்சு" என்று வாய்மொழியாகச் சொன்னால் நம்பித் திரும்பாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். கிராம சபை முடிவை எதிர்த்துக் கோட்ட அளவிலான குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் முறையிடலாம். சரிபார்ப்பும் உரிமை அங்கீகாரமும் முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5).

இன்னொரு முடிச்சு சாதிச் சான்றிதழ். பழங்குடி என்று நிறுவ முடியாதவர் 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் படிப்புக்கு மட்டுமா, அப்பாவின் நிலத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் வழி. தலைமுறையாக அது இல்லாத குடும்பங்களிடம் "உங்க குலசாமி எது, கல்யாணச் சடங்கு என்ன" என்று அதிகாரிகள் துருவுகிறார்கள். பதில் பிசகினால் கதவு மூடிவிடுகிறது. வெளியூர் வேலைக்கும் விடுதிப் படிப்புக்கும் போன பிள்ளைக்குச் சடங்கு தெரியாமல் போனால், அவன் இருளனோ காட்டுநாயக்கனோ இல்லையென்று ஆகிவிடுமா? அத்தகைய விசாரணை மட்டுமே உரைகல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறுப்பு வந்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

உரிமைப் பட்டா கைக்கு வரும்போது பெயர்களைப் பாருங்கள். கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். மனைவி பெயர் விடுபட்டிருந்தால் உடனே எழுதிக் கொடுத்துத் திருத்தக் கேளுங்கள்.