காதில் விழுந்த பிறகே கண்ணுக்குப் புரியும்

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை கதை நேரம். பெற்றோரில் யாராவது ஒருவர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேரைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து, கதைப் புத்தகம் ஒன்றை உரக்க வாசிப்பார். போன மாதம் என் முறை வந்தது. "யானை மெல்ல மெல்லக் கரையேறிக்கொண்டிருந்தது" என்று வாசித்தேன். முன்னால் இருந்த சிறுமி உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, "ஏறிக்கிட்டு இருந்துச்சா அத்தை?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நாம் வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் அச்சாகும் தமிழ் வேறு. மொழியியலில் இதற்கு இரட்டை வழக்கு என்று பெயர். எழுத்துக்கூட்டும் பிள்ளை க, ரை, யே, றி என்று ஒவ்வோர் எழுத்தாக ஒலித்துக்கொண்டே போகிறது. கடைசியில் சேரும் ஒலி முன்பே காதில் விழுந்த சொல்லாக இருந்தால் பொருள் சட்டென்று பிடிபடும். கேட்டே இராத சொல்லாக இருந்தால், பிழையின்றி ஒலித்தாலும் அது வெறும் சத்தம்தான். 'எழுத்து தெரிகிறது, படித்தால் புரியவில்லை' என்று நாம் வருந்தும் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் தமிழ் காதுக்குப் பழகியிருக்காது.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று அன்போடு, புத்தகத்தின் வரியைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றி வாசிக்காதீர்கள். முதலில் அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். விளக்கத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்.

விளக்குவதற்குப் பலன் உண்டு. நியூசிலாந்தில் வார்விக் எல்லி 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் கதையை வெறுமனே வாசித்தபோது பிள்ளைகளின் சொல்லறிவு சுமார் 15 விழுக்காடு கூடியது. இடையிடையே சொற்களுக்குப் பொருள் சொன்னபோது அது 40 விழுக்காட்டைத் தொட்டது.

கேள்வி கேட்டு வாசிப்பதும் வலுவானது. அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் இதைச் சோதித்தார்கள். பெற்றோர் செய்தது இவ்வளவே: படத்தைக் காட்டி, 'இது என்ன செய்கிறது?' என்று கேட்டார்கள். குழந்தை ஒரு சொல் சொன்னால் அதை இரண்டு மூன்று சொற்களாக வளர்த்துத் திருப்பிச் சொன்னார்கள். ஒரே மாதத்தில் அக்குழந்தைகளின் பேச்சுத் திறன் மற்றவர்களைவிடப் பல மாதங்கள் முந்தியிருந்தது. ஆனால் இதற்குக் குழந்தை வாய் திறக்க வேண்டும். முப்பது பேருக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் வகுப்பில் எத்தனை பேருக்கு முறை வரும்? தாழ்வாரத்தில் ஐந்து பேரோடு உட்காரும் ஒரு தாயோ தந்தையோ தருவது அந்த முறையைத்தான். குரலை மாற்றி நடிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம்.

விரலையும் மறக்காதீர்கள். பக்கத்தைப் பார்க்கும் சிறு குழந்தையின் கண் பெரும்பாலும் படத்திலேயே நிற்கிறது, எழுத்துப் பக்கம் போவது மிக அரிது என்று கண்ணசைவை அளந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வரியின் அடியில் விரலை ஓட்டினால் கண்ணும் கூடவே வரும்.

அடுத்த முறை நான் போனபோது பிள்ளைகள் அதே யானைக் கதையைத்தான் கேட்டார்கள். கேட்ட கதையையே திரும்பக் கேட்கும் குழந்தைகளிடம் புதிய சொற்கள் நன்றாகத் தங்குகின்றன என்பதால் மகிழ்ச்சியோடு எடுத்தேன். "யானை மெல்ல மெல்ல..." என்று வாசித்து நிறுத்தினேன். அந்தச் சிறுமி எழுந்து நின்று, ஓர் எழுத்தும் விடாமல், "கரையேறிக்கொண்டிருந்தது!" என்றாள்.