டைரி எழுதுனா மண்டைக்குள்ள என்ன நடக்குது?

மனசுல இருக்கறத எல்லாம் கொட்டிட்டா பாரம் குறையும்னு சொல்வாங்கல்ல, அது பாதிதான் உண்மை.

1986ல வெளியான ஒரு ஆராய்ச்சிக்காக அமெரிக்காவுல ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் காலேஜ் பசங்கள தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள் எழுத வச்சாங்க. சில பேருக்கு ஏதோ சாதாரண டாபிக், மத்தவங்களுக்கு வாழ்க்கையில ரொம்ப பாதிச்ச விஷயம், அதுலயும் சிலர் நடந்தத மட்டும் எழுதணும், சிலர் அழுகை கோவத்த மட்டும், சிலர் ரெண்டையும் சேத்து. எழுதி முடிச்ச கையோட பாத்தா அழுகை கோவத்த எழுதுனவங்க இன்னும் டல்லா இருந்தாங்க, ஆனா அடுத்த ஆறு மாசத்துல டாக்டர்கிட்ட ஓடுறது குறைஞ்சது ரெண்டையும் சேத்து எழுதுன குரூப்புக்குத்தான். வெறுமனே கொட்டுனவங்களுக்கு அந்த பலன் வரல!

அப்புறமா இந்த மாதிரி எழுதுன பக்கங்கள கம்ப்யூட்டர்ல போட்டு வார்த்தை வார்த்தையா எண்ணிப் பாத்தாங்க. நாளாக நாளாக "ஏன்னா", "அதனாலதான்", "இப்பதான் புரியுது" மாதிரி வார்த்தைங்க யாருக்கு கூடுச்சோ அவங்கதான் நல்லா தேறியிருந்தாங்க. எனக்கு இதுல பிடிச்சதே இந்த எடம்தான். நம்ம மூளை ஒரே நேரத்துல சுமாரா நாலு விஷயத்ததான் கையில வச்சிருக்க முடியும், அதனால யோசிச்சுட்டே படுத்தா அதே நாலு திரும்பத் திரும்ப சுத்தும், பேப்பர்ல எறக்குனா முதல் வரி அங்கயே நிக்கும், அடுத்தத அதோட கோக்கலாம்.

புது ஐடியா வர்றதும் இதே வழியிலதான். பரிணாமக் கொள்கைய சொன்ன டார்வின் 1837ல நோட்டுல ஒரு கிளை விட்ட மரத்த கிறுக்கி, மேல "நான் நினைக்கிறேன்"னு மட்டும் எழுதி வச்சாரு, அந்தக் கொள்கை புத்தகமா வந்தது 1859ல! தன் கருத்துக்கு எதிரா ஏதாவது கண்ணுல பட்டா உடனே குறிச்சுக்குவாராம், ஏன்னா சாதகமானத விட அதுதான் சீக்கிரம் மறந்து போகுதுன்னு அவரே சொல்லியிருக்காரு. அதனால ஒழுங்கா அழகா எழுதணும்னு இல்ல, பஸ்ல காதுல விழுந்த பேச்சு, புரியாத ஒரு கேள்வி, எதையும் போடலாம், ஆனா அப்பப்ப பழைய பக்கத்த புரட்டணும், இல்லன்னா அது வெறும் குடோன்.

பழக்கமாகுறதுக்கு 21 நாள்னு சொல்றத நம்பாதீங்க. லண்டன்ல ஃபிலிப்பா லாலிங்கற ஆராய்ச்சியாளரோட டீம் 96 பேர வச்சு பாத்ததுல நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு, ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254 வரைக்கும் போகும்னு கணக்கு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும்னு ஏற்கனவே செய்யற ஒரு வேலையோட ஒட்டி வச்சுக்கங்க, நடுவுல ஒருநாள் விட்டாலும் பெருசா எதுவும் கெட்டுப்போகலன்னு அவங்களே பாத்திருக்காங்க.