பாயின்ட் கார்டு ஆக ஊசி எதற்கு?

இந்தக் கோடை விடுமுறையில் உயரத்துக்காக என் கிளினிக்குக்கு வந்ததில் இது நான்காவது பையன். பதினான்கு வயது, 154 சென்டிமீட்டர், பள்ளி பாஸ்கெட் பால் அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துபவன். "மேலே போனா உயரம் பத்தாது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்பா முதலில் டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கினார். அது வேலைக்கு ஆகவில்லை என்றதும் ஜிம்மில் ஒருவர் ஊசி போட்டிருக்கிறார். இரண்டாவது ஊசியில் முகமெல்லாம் பரு. அப்பத்தாதான் கோட்டையூரிலிருந்து பஸ்ஸில் காரைக்குடிக்குக் கூட்டிவந்தார். "அந்த ஊசி வேணாம் தம்பி, நீங்க ஒரு நல்ல மருந்து எழுதிக் குடுங்க" என்றார். பாதியாவது புரிந்துகொண்டாரே என்று இருந்தது.

உயரம் தேவையில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட் பால் லீக்கான என்பிஏவில் வீரர்களின் சராசரி உயரம் ஆறரை அடியை ஒட்டியது. மேஜிக் ஜான்சன் பாயின்ட் கார்டுதான், 6 அடி 9 அங்குலம். குள்ளமான ஒருவர் களத்தில் இருந்தால் எதிரணி அவர் காக்கும் பக்கமாகவே ஆட்டத்தைத் திருப்பும். ஆனாலும் 5 அடி 3 அங்குல மக்ஸி போக்ஸ் 1987இல் நுழைந்து 14 சீசன் ஆடினார். 6 அடி 1 அங்குல ஜான் ஸ்டாக்டனின் 15,806 அசிஸ்ட்டை (கூட்டாளி கூடை போட வழிசெய்யும் பாஸ்) இன்னும் யாரும் தாண்டவில்லை. போக்ஸைக் காட்டி எந்தப் பிள்ளைக்கும் ஆசை மூட்ட வேண்டாம். அவரைப் போல லட்சத்தில் ஒருவர். ஸ்டாக்டன் உயரமே நம் ஊருக்கு உயரம்தான்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு ஒன்றில். "பாஸ்கெட் பால் ஆடினா வளருவான்ல டாக்டர்?" வளர மாட்டான். போலீஸ் வேலைக்கு உயரம் பார்த்து எடுக்கிறார்கள். காக்கி போட்டதால் வளர்ந்தார்கள் என்று யாராவது சொல்வோமா? இங்கேயும் நெடியவர்களைத் தேடி அணியில் சேர்க்கிறார்கள், அதனால் அணி நெடிதாகத் தெரிகிறது. குதித்ததால் யாரும் நீளவில்லை. கம்பியில் தொங்கினால் முதுகெலும்பு சற்று விரியும், நடமாடினால் பழையபடி ஆகிவிடும். காலையில் உள்ள உயரம் சாயங்காலம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவது எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

பிள்ளை எவ்வளவு வளர்வான் என்ற கணக்கு எளிது. இந்தப் பையனின் அப்பா 165 சென்டிமீட்டர், அம்மா 152. இரண்டையும் கூட்டி, ஆண்பிள்ளைக்கு 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். 165 வரும். எட்டு சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். (செருப்பைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். என்பிஏவே 2019இல்தான் ஷூ இல்லாமல் அளந்த உயரத்தைக் கட்டாயமாக்கியது.)

ஜிம் ஊசிகளில் பெரும்பாலும் ஆண் ஹார்மோன் வகைதான். முதலில் மடமடவென்று வளர்வது போலத் தெரியும். அப்புறம் எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு சீக்கிரமே மூடிக்கொள்ளும். மூடியதை எந்த டாக்டராலும் திறக்க முடியாது. தயவுசெய்து போடாதீர்கள். வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் குழந்தைகள் டாக்டரிடம் வாருங்கள். இடது மணிக்கட்டில் ஒரு எக்ஸ்ரே போதும், எலும்பின் வயது தெரிந்துவிடும். முட்டை, பயறு, ஒன்பது மணிநேரத் தூக்கம் கொடுங்கள். ராத்திரி பன்னிரண்டு வரை போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பவுடர் வாங்காதீர்கள்.

இந்தப் பையனுக்கு நல்லவேளையாகத் தட்டு இன்னும் திறந்தே இருக்கிறது. ஊசியை நிறுத்தியாயிற்று, ஆறு மாதத்தில் மறுபடி அளப்பேன். போகும்போது, "இடது கையால பந்தைத் தட்டிக் காட்டுடா" என்றேன். மூன்றாவது தட்டிலேயே பந்து கிளினிக் வாசல் சாக்கடைக்குள் போய்விட்டது.