டோஜோ: அதற்குரிய தமிழ்ச்சொல் களரி

கராத்தே, ஜூடோ, அய்கிடோ, கெண்டோ ஆகிய ஜப்பானியப் போர்க்கலைகளைப் பயிலும் இடத்துக்கு டோஜோ என்று பெயர். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இக்கலைகளைப் பழகும் பிள்ளைகள் 'கராத்தே கிளாசுக்குப் போறன்' என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுகிறார்கள். ஆனால் பல்தேவைக் கட்டடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி, தலை வணங்கி, உள்ளே கால் வைத்ததும் அவ்விடம் அவர்களுக்கு டோஜோ ஆகிவிடுகிறது. அறிவித்தல்களிலும் சான்றிதழ்களிலும் இச்சொல்லைத் தமிழில் எழுத நேரும்போது பயிற்சி நிலையம், பயிலகம், அக்கடமி என்று கைக்கு வந்ததை எழுதி வைக்கிறோம். களரி என்ற சொல் கிழக்கிலங்கையில் இன்றும் உயிரோடு புழங்கிக்கொண்டிருக்க, இந்தத் தடுமாற்றம் தேவையற்றது என்பதே என் கருத்து. அதை நிறுவுவதற்கு முதலில் டோஜோ என்ற சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

இச்சொல்லில் இரண்டு உறுப்புகள் உள்ளன. 'டோ' என்பது வழி, நெறி. ஜூடோ, கெண்டோ, அய்கிடோ ஆகிய பெயர்களின் ஈற்றில் நிற்பதும் இதே 'டோ' தான். 'ஜோ' என்பது இடம். ஆகவே நெறிக்குரிய இடம் என்பது நேர்ப்பொருள். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, 'போர்க்கலையை வாழ்க்கை நெறியாகக் கண்ட ஜப்பானியர் இட்ட பெயர்' என்று விளக்கம் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் இச்சொல் ஜப்பானில் பிறந்ததும் அன்று, போர்க்கலைக்காகப் பிறந்ததும் அன்று. புத்தர் மெய்யுணர்வு பெற்ற அரசமரத்தடியைச் சமற்கிருதப் பௌத்த நூல்கள் 'போதிமண்ட' என்று வழங்குகின்றன. அந்நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் மெய்யுணர்வு எனப் பொருள்படும் போதி என்பதைத் தம் மொழியில் ஏற்கெனவே ஆழ வேரூன்றியிருந்த, வழி எனப் பொருள்படும் 'தாவோ' என்ற சொல்லால் குறித்து, இடத்தைக் குறிக்கும் 'சாங்' என்பதையும் சேர்த்து, 'தாவோச்சாங்' என்று எழுதினார்கள். அதே இரண்டு எழுத்துகளை ஜப்பானியர் தம் ஒலிப்பில் டோஜோ என்றும், கொரியர் தம் ஒலிப்பில் டோஜாங் என்றும் படிக்கிறார்கள். டைக்குவாண்டோ பழகுவோர் டோஜாங் என்பதும் கராத்தே பழகுவோர் டோஜோ என்பதும் ஒரே சொல்தான்.

பௌத்தத்தில் இச்சொல் மரத்தடியோடு நின்றுவிடவில்லை. குமாரசீவர் கி.பி. 406இல் சீனத்தில் பெயர்த்த விமலகீர்த்தி சூத்திரத்தில் ஓர் உரையாடல் வருகிறது. விமலகீர்த்தி துறவியல்லர், வைசாலி நகரத்து இல்லறத்தார், வாதத்தில் புத்தரின் சீடர்களையே வாயடைக்கச் செய்பவர். நகரை விட்டு வெளியேறும் ஒரு போதிசத்துவர், உள்ளே வந்துகொண்டிருக்கும் அவரைப் பார்த்து, 'எங்கிருந்து வருகிறீர்?' என்று கேட்கிறார். 'போதிமண்டத்திலிருந்து வருகிறேன்' என்று விடை வருகிறது. 'அது எங்கே இருக்கிறது?' என்று மறுபடி கேட்க, 'நேரிய மனமே அது' என்கிறார் விமலகீர்த்தி. குமாரசீவரின் மொழிபெயர்ப்பில் அவ்வரியில் நிற்பது 'தாவோச்சாங்' என்ற அதே சொல். இன்றும் ஜப்பானியப் பயிலிடங்களின் சுவர்களில் 'நேரிய மனமே டோஜோ' என்ற தொடரைத் தூரிகையெழுத்தில் தொங்க விட்டிருப்பதைக் காணலாம். மல்லுக்கட்டும் இடத்தில் தொங்கும் அந்த வாசகம் ஒரு சொற்போரில் பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது.

ஜப்பானில் தியானமும் வழிபாடும் நடைபெறும் மண்டபங்களுக்கும் இப்பெயர் வழங்கி வந்தது. தியானத்தை முதன்மையாகக் கொண்ட சென் என்னும் பௌத்தப் பிரிவின் மடங்களில் இன்றும் அப்பொருள் மறையவில்லை. வாள், ஈட்டி முதலியவற்றைப் பழகிய இடத்துக்குக் 'கெய்கோபா', அதாவது பழகுமிடம், என்ற எளிய பெயரும் இருந்தது. பின்னர் நெறி என்ற கருத்து போர்க்கலைக்குள் வலுப்பெற வலுப்பெற, டோஜோ என்பதே பொதுப்பெயராக நிலைத்தது. ஜிகோரோ கானோ 1882இல் ஜூடோவைக் கற்பிக்கத் தொடங்கியது டோக்கியோவிலுள்ள எய்ஷோஜி என்ற பௌத்தக் கோயிலில். விரிப்புப் பாய் பன்னிரண்டு கொள்ளும் அளவே அவருக்குக் கிடைத்த இடம். அதற்கு அவர் இட்ட பெயர் கோடோகன். 'கோ' என்பது விரித்துரைத்தல், 'டோ' நெறி, 'கன்' மண்டபம். தூக்கி எறிவதையும் அமுக்கிப் பிடிப்பதையும் கற்பிக்கும் இடத்துக்கு 'நெறியை விரித்துரைக்கும் மண்டபம்' என்று பெயர் வைத்தவருடைய மனத்தில், பயிற்சியும் பேச்சும் பிரிந்திருக்கவில்லை.

கானோ ஜூடோவைக் கற்பிக்க நான்கு முறைகளை வகுத்தார். கட்டா என்பது முன்னமே வகுத்த அசைவுகளை வரிசை பிறழாமல் செய்து பழகுதல். நம் குத்துவரிசையில் வரும் 'வரிசை' இதற்கு மிகவும் பொருந்தும். ரன்டோரி என்பது எதிராளியோடு முன்னேற்பாடின்றிப் பிடித்துப் பழகுதல். மூன்றாவது கோகி, ஆசிரியர் நிகழ்த்தும் விரிவுரை. நான்காவது மொண்டோ, அதாவது மாணவர் வினவ ஆசிரியர் விடையிறுப்பதும், ஆசிரியர் வினவ மாணவர் விடை தேடுவதும். மொண்டோ என்ற சொல்லும் சென் மடங்களில் குருவும் சீடரும் சொல்லால் மோதிக்கொள்ளும் வழக்கத்துக்கு உரியதே. 'டோஜோவில் வாய் திறக்கக் கூடாது' என்று பிள்ளைகளை அடக்கி வைப்பதே ஜப்பானிய மரபு என்று நம்மவரிடையே ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. பயிற்சி நடக்கும்போது சளசளப்பு ஆகாது என்பது வேறு. ஒரு தடுப்பு ஏன் இந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்று கேட்கவே கூடாது என்பது வேறு. பின்னதற்கு மரபின் பெயரைச் சொல்ல இடமில்லை.

ஆகவே டோஜோவுக்கு ஈடாக நிற்கும் சொல், உடற்பயிற்சி, கற்பித்தல், வாதம் ஆகிய மூன்றையும் தாங்க வேண்டும். பயிற்சி நிலையம் இதில் முதலாவதை மட்டுமே தாங்குகிறது. தையலுக்கும் கணினிக்கும் சாரதிப் பயிற்சிக்கும் அதே பெயர் வழங்குவதால் தனித்த பொருளும் இல்லை. அரங்கு என்றால் பார்ப்போர் நினைவுக்கு வருகிறார்கள், பழகுவோர் வருவதில்லை. வாதத்துக்கென்று தமிழில் தனிச்சொல் உண்டு. மணிமேகலையின் விழாவறை காதை, சமய வாதிகளைப் 'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று அழைக்கிறது. ஆனால் பட்டிமண்டபத்தில் எவரும் மல்லுக்கு நிற்பதில்லை. தமிழகத்தில் சிலம்பம் பழகும் இடத்தைக் கரடிக்கூடம் என்றும் சொன்னார்கள். அங்கே விலங்கு எதுவும் இல்லை, கன்னடத்தில் இன்றும் மற்பயிற்சிக் கூடத்தைக் 'கரடி மனை' என்கிறார்கள். அச்சொல்லை இங்கே பெயர்ப்பலகையில் எழுதினால் என்ன கேள்விகள் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பள்ளி என்ற சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். டோஜோ நடந்து வந்த பாதையிலேயே அதுவும் நடந்திருக்கிறது. சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடத்தைக் குறித்துப் பின்னர் கல்வி கற்கும் இடத்தைக் குறிக்கலாயிற்று. பொருள் வரலாற்றை மட்டும் பார்த்தால் போர்ப்பள்ளி என்பதே முதலிடம் பெற வேண்டும். ஆனால் காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ 'பள்ளிக்குப் போறன்' என்றால் தொழுகைக்குப் போவதாகவே பொருள். கல்வி கற்குமிடம் பள்ளிக்கூடம். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களும் ஒரே வீதியில் நடந்துபோகும் மாவட்டங்களில், போர் என்ற அடையோடு பள்ளி என்ற சொல்லைப் பலகையில் எழுதுவது அறிவுடைமை ஆகாது.

களரி என்பது களம், களன், களர் ஆகிய சொற்களோடு உறவுடையது. நெல் சூடடிக்கும் இடத்தை நம் வயற்காரர் களவெட்டி என்பதிலும் அதே களம் இருக்கிறது. களர் என்றால் உவர்நிலம்; பயிர் விளையாத, திறந்த, மிதிபட்டு இறுகிய நிலம். அந்நிலப் பொருளோடு போர்க்களம், கூத்தாடும் இடம், வித்தை பயிலும் இடம் ஆகிய பொருள்களையும் களரி பெற்றது. இராமநாதபுரத்துப் பக்கம் நாட்டார் தெய்வங்களுக்கு எடுக்கும் விழாவுக்கும் களரி என்று பெயர். கேரளத்திலோ போர்க்கலைப் பயிலிடமே களரி. மண்ணைத் தோண்டி, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைப்பது அங்குள்ள மரபு. அங்கே எழுத்துக் கற்பித்த இடத்துக்கும் எழுத்துக்களரி என்ற பெயர் இருந்தது. வாளும் ஏடும் ஒரே சொல்லின் கீழ் வந்தன என்பது நம் நோக்கத்துக்கு முக்கியமானது.

மட்டக்களப்பில் களரி என்றவுடன் எவருக்கும் முதலில் தோன்றுவது கூத்துக்குரிய வட்டக்களரி. திறந்த வெட்டையில் மண்ணை வட்டமாக உயர்த்தி, சுற்றிவரக் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டி, தோரணம் தூக்கி அமைப்பார்கள். கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்க, தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரை ஒட்டி நிற்க, ஆட்டக்காரர் சுற்றி வந்து ஆடுவார்கள். ஊர் நாற்புறமும் அமர்ந்து பார்க்கும். ஆட்டக்காரர் முதுகைக் காட்டி ஒளிந்துகொள்ள ஒரு பக்கமும் இல்லை. அரங்கேற்றத்துக்கு முன்னர் நடக்கும் பழக்கத்தில்தான் கற்பித்தலின் ஒழுங்கு தெரியும். பாத்திரத்துக்கு ஆள் தெரிந்து, அவரவர் பாட்டு எழுதிய ஏடாகிய சட்டம் கொடுத்து, தாளக்கட்டுச் சொல்லிக் கால் எடுக்கப் பழக்கி, பொடியடி, வீசாணம், எட்டு, நாலடி ஆகிய ஆட்டமுறைகள் காலில் படிந்த பிறகே சதங்கை கட்ட விடுவார்கள். இது கட்டாவைப் படிப்படியாக ஏற்றிக் கற்பிக்கும் முறைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. பழைய அண்ணாவிமாரும் கூத்தறிந்த முதியவர்களும் பக்கத்தில் குந்தியிருந்து, 'அந்த வரவுக்கு அந்தத் தாளம் இல்லை' என்று இடைமறிப்பார்கள். ஆடுகிறவன் நிற்பான், மத்தளம் நிற்கும், வழக்குத் தீர்ந்த பிறகே ஆட்டம் தொடரும். கூத்து வகைகளுள் ஒன்றாகிய வடமோடியில் இரு வீரர் வில்லெடுப்பதற்கு முன் பாட்டாலே தர்க்கம் செய்வதும் உண்டு. பயிற்சியும் போதனையும் வாதமும் ஒரே வட்டத்துக்குள் நிகழும் இடம் இதைவிட வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

கூத்தையும் போர்க்கலையையும் நம் ஊர் வழக்கு எட்ட எட்ட வைத்திருக்கவும் இல்லை. கூத்துப் பழக்குபவர் அண்ணாவியார். கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி ஆகிய போர்க்கலைகளைப் பழக்குபவரும் அண்ணாவியாரே. கல்யாணத்திலும் சுன்னத்து வைபவத்திலும் சிலம்படி ஆடி வந்த ஊர்களுக்கு அண்ணாவி, களரி ஆகிய சொற்களைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இருந்தும் இரண்டு தடைகளை எழுப்புவார்கள். களரி என்றால் கேரளத்துக் களரிப்பயிற்று என்று பிறர் மயங்குவார்கள் என்பது ஒன்று. களரி இடத்தின் பெயர். பயிற்று என்பதே கலையின் பெயர். கராத்தேக் களரி, ஜூடோக் களரி, சிலம்பக் களரி என்று அடைகொடுத்து எழுதினால் மயக்கம் தீரும். ஜப்பானியப் பெயரை மாற்றினால் மரபு கெடும் என்பது மற்றையது. இதைச் சொல்பவர்கள், கராத்தே என்ற பெயரின் வரலாற்றையே மறந்துவிடுகிறார்கள். ஒக்கினாவாவில் அது முன்னர் 'சீனக்கை' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதப்பட்டது. அங்குள்ள ஆசான்கள் 1936 ஒக்டோபர் 25 அன்று நாகா நகரில் கூடி, 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்துகளை ஏற்றுக்கொண்டார்கள். அதே 1936இல்தான் சென்னையில் கூடிய தமிழ்ச் சொல்லாக்க மாநாட்டுக்குக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் தலைமை வகித்தார். சொல்லை ஆராய்ந்து மாற்றுவது ஒக்கினாவா ஆசான்களுக்கும் இழுக்காகவில்லை, நமக்கும் புதிதன்று. பயிற்சியின்போது இடும் கட்டளைகள் ஜப்பானியத்திலேயே இருக்கட்டும்; உலகெங்கும் ஒரே கட்டளைக்கு ஒரே அசைவு என்ற வசதி அதில் இருக்கிறது. இடத்தின் பெயருக்கு அந்தத் தேவை இல்லை.

களரியை ஏற்றுக்கொண்டால் கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. ஹொன்பு டோஜோ என்பது தலைமைக் களரி. பிற டோஜோவுக்குப் போய் அங்குள்ளவர்களை அறைகூவி வெல்லும் பழைய வழக்கமாகிய டோஜோ யபுரி என்பதைக் களரி குலைத்தல் எனலாம். 'யபுரி' என்பதற்கு உடைத்தல் என்றே பொருள். டோஜோ குன் என்பது வகுப்பின் முடிவில் மாணவர் ஒருமித்துச் சொல்லும் ஒழுக்க வரிகள். அதைக் களரி ஒழுங்கு எனலாம். கராத்தேயின் ஷோட்டோகன் மரபில் அவ்வரிகள் ஐந்து. ஐந்துமே 'ஹிதோத்சு', அதாவது 'ஒன்று' என்றே தொடங்குகின்றன. எந்த வரியும் மற்றொன்றுக்குக் கீழ்ப்பட்டதன்று என்பது கருத்து. தமிழில் அச்சிடும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுவிடும் வழக்கத்தை இவ்விடத்தில் கைவிட வேண்டும்.

சென் பௌத்தத்தின் தியான இடத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் களரி பொருந்தாது. மிதிபடும் நிலம் என்ற பொருள் அச்சொல்லை விட்டு நீங்குவதில்லை. அசையாமல் அமர்ந்திருப்பவர்களின் இடத்துக்குத் தியான மண்டபம் என்று எழுதுவதே முறை. அரசமரத்தடியைக் குறிக்கும் மூலப்பொருளுக்குப் போதிமண்டம் என்றே எழுதலாம்.