கையுறைக்கு முன்னால் பூட்டு: மலைத் தேயிலை ஆலைகளில் மின் பாதுகாப்பு

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வட்டாரத் தேயிலை ஆலைகளுக்கு மின் பரிசோதனைக்குச் செல்லும்போது, பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஓர் அலமாரியைத் திறந்து ரப்பர் கையுறையையும் ஹெல்மெட்டையும் காட்டுகிறார்கள். அவை அவசியமே, ஆனால் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் கைவிட்ட பிறகு உயிரைக் காக்கும் கடைசி அரண் அவை. முதல் அரண் மின்சாரத்தை அணைத்து, அணைத்த இடத்தைப் பூட்டி, மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து அறிவது.

ஓர் ஆலையில், பறித்த இலையைக் காற்றூதி வாடவைக்கும் தொட்டியின் விசிறி மோட்டாரைப் பழுது பார்க்க எலக்ட்ரீஷியன் பேனலில் சுவிட்சை அணைத்துவிட்டுச் சென்றார். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர், இலை காற்றில்லாமல் கிடப்பதைப் பார்த்து அதே சுவிட்சைப் போட்டுவிட்டார். மோட்டாரின் இணைப்புப் பெட்டி மூடியில் ஒரு ஸ்க்ரூ மீதம் இருந்ததால்தான் எலக்ட்ரீஷியனின் கை கம்பியில் படவில்லை. அந்தச் சுவிட்சில் ஒரு சாதாரணப் பூட்டும், "ஆள் வேலை செய்கிறார்" என்ற அட்டையும் தொங்கியிருந்தால் போதும். சாவி வேலை செய்பவரின் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். பிறகு, டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல், மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் மீட்டரைச் சரிபார்த்து, வேலை செய்யும் இடத்தில் அளந்து, மீண்டும் முதல் இடத்தில் சரிபார்க்க வேண்டும்.

மலையில் ஈரம் பெரும் எதிரி. நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கக்கூடும். அந்நிலையில் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் ஏறத்தாழ 230 மில்லி ஆம்பியர் உடலில் பாயும், இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். எனவே கழுவும் இடங்களுக்கும் கையடக்கக் கருவிகளுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி) பொருத்துங்கள். 100, 300 மில்லி ஆம்பியர் கருவிகள் தீயைத் தடுக்க உதவும், ஆளைக் காக்காது. மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் மோட்டாரின் உலோக உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகளைக் கோருகின்றன. எர்த் குழியின் மின்தடையை மழைக்காலத்தில் அளந்தால் நல்ல எண் கிடைக்கும். அந்த எண்ணை நம்பக் கூடாது, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மண் காய்ந்திருக்கும்போது அளப்பதே உண்மையைச் சொல்லும்.

இனி கையுறை. நம் 415 வோல்ட் பணிகளுக்கு, 1,000 வோல்ட் வரை பயன்படுத்தத் தகுந்த '0' வகை ரப்பர் கையுறை வேண்டும். அதன்மேல் தோல் கையுறை அணிய வேண்டும். ஒவ்வொரு முறையும் அணியும் முன் மணிக்கட்டுப் பகுதியைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, விரல் நுனிகளை அழுத்திக் காதருகே வைத்துக் கேளுங்கள். காற்று கசியும் கையுறையை உடனே வெட்டி எறியுங்கள். நனைந்த கையுறையைத் தேயிலை உலர்த்தும் டிரையர் அருகே உலர்த்தும் வழக்கத்தைப் பல ஆலைகளில் கண்டிருக்கிறேன். அந்த வெப்பம் ரப்பரில் வெடிப்புகளை உண்டாக்குகிறது. தரை கழுவ அணியும் கம்பூட்ஸ் மின்காப்புக் காலணி ஆகாது. பேனலின் முன்னால் ஐ.எஸ். 15652 என்ற இந்தியத் தரத்து மின்காப்பு விரிப்பு இருக்கட்டும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும்போது ஜெனரேட்டரை அவசரமாக இணைக்கிறார்கள். மின்வாரிய இணைப்புக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சுவிட்ச் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேராதபடி அமைந்திருக்காவிட்டால், ஜெனரேட்டரின் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, வெளியே கம்பியைச் சரிசெய்யும் ஊழியரைக் கொன்றுவிடும்.

யாரேனும் அதிர்ச்சிக்குள்ளானால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். மூச்சும் துடிப்பும் நின்றிருந்தால், மலைப்பாதையில் 108 வந்து சேரும் வரை, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கான பயிற்சி இரவு ஷிஃப்டில் இருப்பவர்களுக்கும் கட்டாயம் வேண்டும்.